இனாயத் மேம்படுத்தப்பட்ட விதம்

'வாங்குவாசல்' நிறுவனம் தன்னிடம் கடை போட்டிருக்கும் வியாபாரிகளை ஒருநாளும் மறப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை, வாங்குவாசலே சொல்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, செல்போனில் மணியடித்துச் சொல்கிறது. ஆவணி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை மட்டும் மதியத்திலும் மணியடித்தது. அப்போது இனாயத் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இருக்கும் தன் பட்டறையில், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒன்பது படிச் சட்டம் ஒன்றை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

இனாயத் செய்வது கொலுப்படி. இரும்புச் சட்டம், மேலே பலகை. நவராத்திரி முடிந்ததும் மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பல வீடுகளில் தசாவதாரம் முழுக்க அவர் செய்த படியில்தான் வருடா வருடம் வந்து நிற்கிறது. ஐந்து வேளை தொழுகிற மனிதர் கையால் செய்த படியா என்று எந்த மாமியும் கேட்டதில்லை. படி ஆடுமா, ஆடாதா என்று மட்டும் கேட்பார்கள். ஆடாது. எட்டு வருடமாக வாங்குவாசலில் 'இனாயத் கொலுப்படி' என்ற பெயரில் விற்கிறார், ஒன்றுகூட ஆடியதாகப் புகார் இல்லை.

போனில் வந்தது ஒரு கேள்வி. 'உங்கள் விற்பனை அனுபவம் எப்படி இருக்கிறது?' கீழே ஐந்து முகங்கள். முதல் முகம் அழுதது. இரண்டாவது உம்மென்று இருந்தது. மூன்றாவதன் வாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. நான்காவது சிரித்தது. ஐந்தாவதற்கு முகமே இல்லை, பல்தான் இருந்தது.

இனாயத் மூன்றாவதைத் தொட்டார்.

அவருக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வியாபாரம் நன்றாக ஓடியது. அந்த வருடத்துக்கு நூற்று நாற்பது படி தயாராகி, பட்டறைச் சுவரோரம் அடுக்கியிருந்தது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. சொன்னால் கண் பட்டுவிடும். யார் கேட்டாலும் "ஏதோ ஓடுது" என்பதுதான் பதில். ஒரே ஒரு தடவை, இரண்டாயிரத்துப் பதினைந்தில், சீசன் அமோகம் என்று மச்சானிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்போது பட்டறை சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தது. அந்த டிசம்பரில் வெல்டிங் மெஷின் வரைக்கும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அவர் மனைவி நஸ்ருன்னிசா இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. பெருநாள் பிரியாணி எப்படி என்று விருந்தாளி முன்னால் கேட்டால்கூட இனாயத் "பரவால்ல" என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்கே நிமிடத்தில் போன் வந்தது.

"இனாயத் சார், நான் ஹம்சா, வாங்குவாசல் விற்பனையாளர் அனுபவ மேம்பாட்டு மையத்துலேர்ந்து பேசறேன். உங்க வலி எங்களுக்குப் புரியுது சார்."

"எனக்கு இன்னா வலி மேடம்? ஒண்ணும் இல்லியே."

"வலி இல்லேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் சார் முதல் அறிகுறி."

"மேடம், சும்மா நடுவுல கீற மூஞ்சிய தொட்டேன். வியாபாரம் ஏதோ போய்க்கினு கீது."

"ஏதோ," என்று ஹம்சா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "கவலைப்படாதீங்க. இனிமே நீங்க தனியா இல்ல."

அன்று மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. நதீம்தான் முதலில் கண்டுபிடித்தான். நதீம் இனாயத்திடம் இருபது வருடமாக வெல்டிங் அடிப்பவன், மூன்று பெண்களுக்கு அப்பன். தன் போனில் கடையைத் திறந்து நீட்டினான். படிகளின் படம் எல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தது. மேலே ஒரு பட்டை ஓடியது: 'இந்த விற்பனையாளர் மேம்பாட்டில் இருக்கிறார். அவருக்கு இப்போது அமைதி தேவை. தயவுசெய்து வாங்கித் தொந்தரவு செய்யாதீர்கள்.'

நவராத்திரிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. கொலுப்படி என்பது அந்தப் பத்தொன்பது நாளில் விற்றால்தான் உண்டு. அதற்கு மறுநாள் அது வெறும் இரும்பு.

மேம்பாட்டு மையம் அடையாற்றில், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசல் கதவுக்குக் கைப்பிடி இல்லை. மேலே இருந்த காமிராவைப் பார்த்துச் சிரித்தால் திறக்கும் என்று எழுதியிருந்தது. மறுநாளே நேரில் போய் நின்ற இனாயத் சிரித்தார். திறக்கவில்லை.

"பல்லு தெரியணும் பாய்," என்றார் காவலாளி.

"தெரிதேப்பா."

"மனசாரத் தெரியணுமாம். காலைலேர்ந்து ஏழு பேரு வெயில்ல நின்னுட்டுத் திரும்பிப் போய்ட்டாங்க." காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் முகத்தைக் காமிராவுக்குக் காட்டினார். கதவு திறந்தது. காட்டி முடித்ததும் அந்த முகம் உடனே பழைய நிலைக்குப் போய்விட்டது. இனாயத் அவசரமாக உள்ளே நுழைந்தார்.

உள்ளே சத்தமே இல்லை. ஏசி ஓடுகிற சத்தம்கூட இல்லை, ஆனால் குளிர்ந்தது. சுவர் முழுக்கப் புகைப்படங்கள். 'முழு மேம்பாடு அடைந்தோர்' என்று தலைப்பு. எல்லோரும் ஒரே அளவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரை இனாயத்துக்குத் தெரியும். கே.கே. நகரில் பித்தளை விளக்கு விற்ற ஆனந்தகுமார்.

"இவுரு இப்ப எப்டி கீறாரு?" என்று ஹம்சாவைக் கேட்டார். ஹம்சா சின்னப் பெண். பேசும்போது தலையைச் சாய்த்து, ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவள் போல நின்றாள்.

"ரொம்ப அமைதியா இருக்கார் சார்."

"வியாபாரம்?"

"அது பிரமாதமா போகுது. அவர்தான் அதுல இல்ல."

தலைமை அனுபவ அலுவலர் குருபிரசாத் அறைக்கு அழைத்துப் போனாள். குருபிரசாத்துக்கு நாற்பது வயதிருக்கும். மேஜையில் காகிதம், பேனா, டீ கிளாஸ் ஒன்றுமே இல்லை. எழுந்து வந்து இனாயத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, விடாமலே பேசினார்.

"சார், மத்த கம்பெனிங்க வாங்கறவங்களை மட்டும்தான் கவனிப்பாங்க. நாங்க விக்கறவங்களையும் விடறதில்ல. மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணோம். விக்கறவங்களுக்கு மன உளைச்சல் எதனால வருது? பொருளைத் திருப்பி அனுப்பறாங்க, அதனால. திட்டி எழுதறாங்க, அதனால. பேக்கிங் கிழியுது, அதனால. எல்லாத்தையும் கிராஃப் போட்டா, எல்லாக் கோடும் ஒரே இடத்துல போய் நிக்குது சார். விக்கறதுனாலதான்! எதையுமே விக்காதவங்க பத்தாயிரம் பேரைக் கேட்டோம். ஒருத்தருக்குக்கூட இந்தப் பிரச்சினை இல்ல."

"அப்ப கடைய மூடச் சொல்றீங்களா சார்?"

"சேச்சே! கடை இருக்கும். கடையில நீங்க படற பாடு இருக்காது. சொல்லுங்க, போன வாரம் உங்களை எது கஷ்டப்படுத்திச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாமயா மூணாவது முகத்தைத் தொட்டீங்க?"

பெரிய மனிதர் இவ்வளவு கேட்கிறார், கையையும் விடவில்லை, வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று இனாயத்துக்குப் பட்டது. தேடிப் பிடித்து ஒன்றைச் சொன்னார். "சாப்புடற நேரத்துல போன் வரும் சார். அவ்ளோதான்."

குருபிரசாத்தின் கண் கலங்கிவிட்டது. உண்மையிலேயே கலங்கியது, அதுதான் பயங்கரம். "எட்டு வருஷமா," என்றார் ஹம்சாவிடம். "எட்டு வருஷமா இந்த மனுஷன் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடல."

அன்றிலிருந்து இனாயத்துக்குப் போன் வருவது நின்றது. வாடிக்கையாளர்கள் போன் மட்டும் அல்ல, எல்லோர் போனும். சோறு ஆறுகிறது என்று சொல்ல நஸ்ருன்னிசா கூப்பிட்டபோது ஒரு பெண் குரல், 'இனாயத் அவர்கள் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்' என்று சொல்லி வைத்துவிட்டது. அவர் சாப்பிடவில்லை என்பதற்காகத்தான் அவள் கூப்பிட்டாள்.

இரண்டாம் அமர்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. பதிமூன்று நாள் மிச்சம். இந்த முறை இனாயத் எச்சரிக்கையாக எந்தக் குறையும் சொல்லவில்லை. குருபிரசாத்தே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"சார், உங்க படியில மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க. நாலு, ஆறு, எட்டு ஏன் இல்ல?"

"கொலுப்படின்னா ஒத்தப்படைலதான் சார் வெப்பாங்க. ரெட்டப்படை வெக்க மாட்டாங்க."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும் சார்? மாமிங்கள கேளுங்க."

"இதுதான் சுமை. அவங்க நம்பிக்கையை நீங்க ஏன் சார் முதுகுல தூக்கணும்? ஒத்தைப்படை எண் பார்த்தா மனசுல ஒரு நிறைவு வரதில்லேன்னு எங்க ஆய்வு சொல்லுது. எட்டு. அழகா இருக்கு, மேலேயும் ஒரு வட்டம், கீழேயும் ஒரு வட்டம்." பிறகு ஒரு படத்தைக் காட்டினார். "பின்னாடி இந்த ரெண்டு குறுக்குக் கம்பி எதுக்கு?"

"அதுதான் சார் படிய புடிச்சிக்கினு கீது. அத எடுத்தா வெயிட்டு ஏறும்போது சட்டம் பக்கவாட்டுல சாஞ்சிடும்."

"உடனேவா?"

"உடனே சாயாது. கொஞ்சம் கொஞ்சமா போல்ட்டு வளையும். ஒரு நாள், ரெண்டு நாள், நாலு நாள். அப்புறம் மொத்தமா உக்காந்துடும்."

"பொருளைத் திருப்பி அனுப்ப எங்ககிட்ட ரெண்டு நாள்தான் டைம்," என்றார் குருபிரசாத் மென்மையாக. "அதுக்குள்ள சாயாது இல்ல? அப்ப அது உங்க அனுபவத்துல வராது சார். உங்க அனுபவத்துல இல்லாத ஒண்ணுக்காக ஒவ்வொரு படியிலயும் மூணு கிலோ கூடச் சுமக்கறீங்க."

இனாயத்துக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. எழுந்து நின்று, "கொலுவுக்கு முன்னாடி கொழந்தைங்க உக்காரும் சார்," என்றார். அறையில் எங்கோ மெல்லிய மணி ஒன்று அடித்தது. ஹம்சா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். அவருடைய கோப்பில் 'கிளர்ச்சி' என்று ஒரு வரி ஏறியது. மேம்பாடு இன்னும் பத்து நாள் நீட்டிக்கப்பட்டது.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி உண்டு. காமிரா முன்னால் உட்கார்ந்து, 'நான் முழு மகிழ்ச்சியுடன் இருக்கிறேன்' என்று சொல்லி ஐந்தாவது முகத்தைத் தொட வேண்டும். நஸ்ருன்னிசா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தாள். "போய் சொல்லிட்டு வந்துருங்க. கண்ணு பட்டா பட்டுது, நான் மொளகா சுத்திப் போட்டுடறேன்."

சொன்னார். திரையில் 'அறுபத்தொரு சதவீதம் மட்டுமே உண்மை' என்று வந்தது. தொண்ணூறு வேண்டும். பட்டறையில் ரசம் போன கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து மூன்று நாள் பழகினார். நதீம் முதல் நாள் பொறுத்துப் பார்த்தான். இரண்டாம் நாள் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், "வாணாம் பாய். பயமா கீது பாய்," என்றான். மறு சோதனையில் ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது.

எட்டு நாள் மிச்சம் இருக்கும்போது, இனி வாங்குவாசலாவது மண்ணாங்கட்டியாவது என்று இனாயத் ஒரு மூன்று சக்கர வண்டியில் முப்பது படியை ஏற்றிக்கொண்டு மாட வீதிக்கே போனார். தெரிந்த ஊர், தெரிந்த முகங்கள். படியை விரித்து வைத்ததும் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் விலை கேட்டுவிட்டு, படத்தைப் பார்க்கலாம் என்று போனை எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது.

"பாய், உடம்பு சரியில்லையாமே? போன்ல போட்டிருக்கானே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நல்லா கீறேன்!" பத்து வருடத்தில் முதல் தடவை அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது, அதுவும் கத்தலாக.

நின்றவர்கள் அரை அடி பின்னால் போனார்கள். அவர்களும் போனை எடுத்தார்கள். பிறகு யாருமே விலை பேசவில்லை. ஒரு அம்மாள் அவர் தோளைத் தொட்டு, வெயிலில் நிற்காதீர்கள் என்றார். ஒரு பெரியவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஹோட்டலில் காபி சொல்லியிருக்கிறேன், போய்க் குடியுங்கள் என்றார் இன்னொருவர். மூன்று மணி நேரத்தில் இனாயத்துக்கு இரண்டு இளநீர், ஒரு காபி, ஒரு டாக்டருடைய விலாசம் கிடைத்தது. ஒரு படிகூட விற்கவில்லை. ஊரே சேர்ந்து அவரிடம் இவ்வளவு அன்பாக நடந்துகொண்டது அதுவே முதல் முறை. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் குருபிரசாத்தே கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், உங்க முகம் ஒத்துழைக்க மாட்டேங்குது. அது உங்க தப்பு இல்ல. உங்க சார்பா நாங்களே சிரிச்சிடலாம். அதுக்கு ஒரு திட்டம் இருக்கு. ஒரு கையெழுத்து போதும். மகிழ்ச்சியா இருக்கேன்னு நீங்க சொல்ல வேண்டாம், உங்க பேர்ல நாங்க சொல்லிக்கறோம். கடை அன்னிக்கே திறந்துடும்."

இனாயத் யோசிக்க ஒரு நாள் கேட்டார். வீட்டில் நஸ்ருன்னிசாவிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீங்க வாயத் தொறந்து சொல்ல வாணாமா?"

"வாணாமாம். அவங்களே சொல்லிக்குவாங்களாம்."

"அவங்க சொன்னா கண்ணு அவங்க மேலதானே படும்?"

இனாயத்தும் அதையேதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். சிரிப்பை இன்னொருவன் வாங்கிக்கொள்கிறான், திருஷ்டியும் அவனோடு போகும். இதைவிட நல்ல ஏற்பாடு எங்கே கிடைக்கும்? மறுநாள் காலையில் அடையாற்றுக்குப் போய்ப் பதினோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பெயர், முகம், குரல் என்று பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தார். வாழ்த்து அட்டை அச்சடிப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சொன்னபடி கடை அன்றைக்கே திறந்தது. மேலே இனாயத்தின் படம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. அவருக்கு இருபத்தொன்பதுதான். கீழே 'இனாயத் கொலுப்படி, எட்டுப் படி, மேம்படுத்தப்பட்டது' என்று இருந்தது. மாலைக்குள் இருநூறு விற்றது. பட்டறையில் அடுக்கி வைத்த நூற்று நாற்பதும் அப்படியே இருந்தது. எடுத்துப்போக வண்டி வரவில்லை. எங்கேயோ யாரோ செய்து, எங்கேயிருந்தோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தினமும் இரவு ஒரு செய்தி வந்தது: 'வாழ்த்துகள். இன்று நீங்கள் நானூற்றுப் பன்னிரண்டு முறை சிரித்தீர்கள்.'

மையத்துக்கு ஓடினார். கதவு திறக்கவில்லை. காவலாளியும் மாறியிருந்தார். போன் செய்தார். அவர் போனிலிருந்து எந்த எண்ணுக்கு அடித்தாலும், 'நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள்' என்று வந்தது. நஸ்ருன்னிசா அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். இனாயத் எதிரே உட்கார்ந்திருக்க, இனாயத்தின் குரல் போனில் பேசியது. "கவலையே படாதீங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

நஸ்ருன்னிசா போனைத் தரையில் வைத்துவிட்டாள். "இருவத்தேழு வருசத்துல நீங்க எங்கிட்ட இவ்ளோ மரியாதையா பேசனதே இல்ல," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இருவராலும் முடியவில்லை.

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் இனாயத் மயிலாப்பூர்த் தெருக்களில் நடந்தார். எதற்கு நடக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. ஒரு வீட்டு வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோமளம் மாமி அவரைப் பார்த்துவிட்டார். கோமளம் மாமி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அவருடைய முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர்.

"பாய்! ஏன் வாசலோட போறேள்? உள்ள வாங்கோ. பழைய படி எங்க பொண்ணு ஆத்துக்குப் போயிடுத்து. உங்கள்ட்ட புதுசா வாங்கிண்டு, உங்களுக்கே காட்டாம இருப்பேனா?"

கூடத்தில் கொலு கண்ணைப் பறித்தது. எட்டுப் படி. கீழ்ப்படியை வேஷ்டியால் சுற்றி மறைத்து, ஏழாக்கிவிட்டிருந்தார்கள். மேலே மரப்பாச்சி, கலசம், முழங்கை உயரத்துக்கு மண் பெருமாள், தாயார். சட்டத்தின் ஓரத்தில் ஒரு தகடு பளபளத்தது: இனாயத். முன்னால் ஜமக்காளத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் பட்டுப் பாவாடையும் அதுவுமாக நெருக்கி உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தன.

இனாயத் குனிந்து பின்பக்கம் பார்த்தார். குறுக்குக் கம்பி இல்லை. இடது பக்கத்து போல்ட் ஏற்கெனவே வளையத் தொடங்கியிருந்தது. சட்டம் விரல் அகலம் சாய்ந்திருந்தது.

"மாமி, கொழந்தைங்கள எழுப்புங்க. பொம்மைய எல்லாம் எறக்குங்க. இது நான் செஞ்சது இல்ல."

"உங்க பேர் போட்டிருக்கே?"

"பேரு என்துதான். படி என்து இல்ல. இது விழுந்துடும் மாமி!"

குழந்தைகள் ஸ்லோகத்தை நிறுத்தின. கோமளம் மாமியின் கணவர் ஸ்ரீனிவாசராகவன் உள்ளேயிருந்து வந்தார். படியோடு வந்த அட்டை அவர் கையில் இருந்தது. மனைவிக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் வாசித்தார், ஆனால் காது கேட்காதவர் ஆதலால் எல்லோருக்கும் கேட்டது. "இவ்விற்பனையாளர் முழு மேம்பாடு அடைந்து ஓய்வில் உள்ளார். நேரில் சந்தித்தால் தொழில் பற்றிப் பேசக்கூடும். அனுதாபத்துடன் பேச்சை மாற்றவும்."

"சுண்டல் எடுத்துக்கறேளா பாய்?" என்றார் கோமளம் மாமி உடனே.

"மாமி, என்ன நம்புங்க. எட்டு வருசமா என்ன தெரியுமே உங்களுக்கு. எறக்குங்க, என் படி பட்டறைல கீது, ஓடிப்போய் எட்த்தாந்துடறேன்."

"கலசம் வெச்சாச்சே பாய். இனிமே விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையை அசைக்கப்படாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னும் ஒன்பது நாள்.

"சரி, ஒரு கயிறு குடுங்க. பின்னாடி ஜன்னல் கம்பில இழுத்துக் கட்டிடறேன்."

மாமியும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கயிறா? எதுக்கு பாய் கயிறெல்லாம்? நல்ல நாளும் அதுவுமா," என்றார் மாமி. அவர் பார்வை இனாயத்தின் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. மாமா நழுவிப் போய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். துணி உலர்த்தும் கொடி அங்கேதான் இருந்தது. "இருங்கோ, கடைக்கே போன் பண்ணிக் கேட்டுடறேன்," என்று அட்டையில் இருந்த எண்ணை அடித்து, காது கேட்காதவர் ஆதலால் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார். இனாயத் பேசறேன்," என்றது போன்.

கூடத்தில் இருந்த எல்லோரும் இனாயத்தைப் பார்த்தார்கள். அவர் வாய் மூடித்தான் இருந்தது.

"படி ஆடற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொல்றார்," என்றார் மாமா.

"கவலையே படாதீங்க சார். அது நானே என் கையால செஞ்சது. நான் பாத்துக்கறேன்."

ஸ்ரீனிவாசராகவனின் முகம் தெளிந்தது. "நீங்களே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேளே பாய். அப்புறம் என்ன?" என்று இனாயத்தின் கையைத் தட்டிக்கொடுத்தார். மாமி குழந்தைகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஸ்லோகம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இன்னும் இரண்டு பெண்கள் வந்து முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

மண் பெருமாள் மிக லேசாக, யாரோ கூப்பிட்டதற்குத் தலையைத் திருப்புவதுபோல, ஒரு பக்கமாக அசைந்தார். இனாயத் மட்டும் பார்த்தார்.

அவர் கொலுவுக்குப் பின்னால் போய்ச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் நுழைந்துகொண்டார். இரண்டு கைகளையும் அகல விரித்து, இரண்டு பக்கத்து இரும்பையும் பிடித்தார். சட்டத்தின் கனம் தோளில் இறங்கியது. பொம்மைகளுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. ஒரு குழந்தை கைகாட்டிச் சிரித்தது. மாமி அதன் கையை இறக்கிவிட்டு, "பாவம், இருக்கட்டும் விடு," என்றார்.

வெற்றிலை பாக்கு வாங்க வந்த அடுத்த வீட்டு மாமி, பொம்மைகளுக்கு நடுவில் அவரை அடையாளம் கண்டுகொண்டு மலர்ந்தார்.

"பாய், இங்கேயா இருக்கேள்? அப்படியே எங்காத்துக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்கோ. எதிராத்துலேயும் கூப்பிட்டா. இந்த வருஷம் தெரு முழுக்க உங்க படிதான்."

இனாயத் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இடது பக்கத்து போல்ட் இன்னும் கொஞ்சம் வளைந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, பிடியை இறுக்கினார்.